எஃகுக் குழாயும் ஒரு மலைச்சரிவும்

பூக்கிட் கியாரா காட்டுப் பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சைக்கிளின் ஃபிரேம் விரிசல் விட்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. இறக்கத்தில் ஏதோ கிரீச் என்றது. பெடல் அச்சில் மண் புகுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீடு வரைக்கும் ஓட்டி வந்துவிட்டேன். கழுவும்போதுதான் பார்த்தேன். சீட்டுக் குழாயும் மேல்குழாயும் சேரும் இடத்தில், வெல்டிங்கை ஒட்டி, தலைமுடி கனத்தில் ஒரு கோடு. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகம் மாட்டியது.

கிள்ளானில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. அங்குள்ள அண்ணன் எங்கள் வீட்டு கேட்டைச் செய்தவர். ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். வாங்கி, கையில் எடை பார்த்து, விரிசலைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“தம்பி, இது அலுமினியம். ஒட்டித் தர்றது பெரிய விஷயமில்ல. ஆனா ஒட்டின எடத்துக்குப் பக்கத்துலயே திரும்ப ஒடையும். அதுவும் நீ மேட்டுல இருந்து எறங்கும்போதுதான் ஒடையும்.”

“அப்ப என்ன செய்றது அண்ணே?”

“தூக்கிப் போடு. அடுத்தது இரும்பா வாங்கு. இரும்புன்னா எங்கிட்ட கொண்டா, பாத்துக்கலாம்.”

அவர் சொன்னது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. சைக்கிளுக்குப் பயன்படும் அலுமினியக் கலவைகள் பலவற்றுக்கு வலு வருவது, வெல்டிங் முடிந்த பிறகு உலையில் வைத்துப் பதப்படுத்துவதால்தான். பட்டறையில் மறுபடி தீ வைத்தால் அந்தப் பதம் அங்கே போய்விடும். முழு ஃபிரேமையும் திரும்ப உலையில் வைக்க யாரிடம் உலை இருக்கிறது?

அடுத்த மூன்று மாதம் எஃகு ஹார்ட்டெயில் ஃபிரேம் ஒன்றைத் தேடி அலைந்தேன். சைக்கிள் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வரி: முன்சக்கரத்துக்கு மட்டும் அதிர்வு தாங்கி இருந்து, பின்பக்கம் அசையாத முக்கோணமாக இருக்கும் மவுண்டன் பைக்தான் ஹார்ட்டெயில். தேடத் தேட ஒரு விஷயம் உறுத்தியது. எஃகு ஃபிரேம் விற்பவர்கள் எல்லாருமே ஏதோ கோயில் தலபுராணம் மாதிரிதான் பேசுகிறார்கள். எஃகுக்கு உயிர் உண்டு, அது வளைந்து கொடுக்கும், உங்களோடு சேர்ந்து மூச்சு விடும், ஆயுளுக்கும் உடையாது. குழாயில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கு ஏற்ப விலை ஏறுகிறது. இதில் எது வரலாறு, எது வியாபாரம் என்று தெரியாமல் என் பாதி மாதச் சம்பளத்தைக் கொடுக்க மனசு வரவில்லை. அதனால் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

முதல் என்றால் 1970-களின் கலிபோர்னியா. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி, நடுவில் டமால்பைஸ் மலை. அங்கே சில இளைஞர்கள், பாதிப் பேர் சாலைப் பந்தய வீரர்கள், பழைய சாமான் கடைகளிலும் கொல்லைப்புறங்களிலும் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களைச் சல்லிக் காசுக்கு வாங்கி மலையிலிருந்து உருட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விரும்பித் தேடியது ஷ்வின் எக்ஸெல்சியர். சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 1933-இல் சிறுவர்களுக்கான சைக்கிளில் கொழுத்த பலூன் டயரை அறிமுகப்படுத்தியது. பொருளாதார மந்தநிலைக் காலம். செய்தித்தாள் போடும் பையன்கள் முரட்டுத்தனமாக ஓட்டினாலும் தாங்க வேண்டும் என்று செய்த கனமான வண்டிகள் அவை. எக்ஸெல்சியர் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. நாற்பது வருடம் கழித்து அவை மலைக்கு வந்தன.

1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு தீயணைப்புப் பாதையில் முதல் பந்தயம் நடந்தது. சார்லி கெல்லிதான் ஏற்பாடு. ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் தூரம், 400 மீட்டர் இறக்கம். அந்த வண்டிகளில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். பிரேக் பின்சக்கர அச்சுக்குள்ளேயே இருக்கும். கீழே வந்து சேரும்போது சூட்டில் உள்ளேயிருந்த கிரீஸ் புகைந்து போயிருக்கும். ஒவ்வொரு முறையும் அச்சைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அப்படித் திரும்ப அடைப்பதற்குப் பெயர் ‘ரீபேக்’. பந்தயத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. முதல் பந்தயத்தில் ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். காரணம் எளிது: விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தான். பின்னாளில் கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கினார். அந்தச் சாதனையை ரீபேக்கில் யாரும் முறியடிக்கவில்லை.

இந்தக் கதை நூறு முறை சொல்லப்பட்டுவிட்டது. ஹாலிவுட் படம் போல, நீளமுடி வைத்த பையன்கள் உலகத்தை மாற்றினார்கள் என்று. வென்டி கிராக் என்ற பெண் அவர்களோடு ஓட்டினார் என்பதும், அந்தக் காலத்தின் படங்களில் மிகப் பலவற்றை எடுத்தவர் அவர் என்பதும் பின்குறிப்பாகத்தான் வரும். மரினுக்கு முன்பே கரட்டு வழியில் கொழுத்த டயர் ஓட்டியவர்கள் உண்டு. 1974 டிசம்பரில் மில் வேலியில் நடந்த ஒரு பந்தயத்துக்குக் குப்பர்டினோ ஊர்ப் பையன்கள் சிலர் பழைய பலூன் டயர் வண்டியில் கியர் மாட்டிக்கொண்டு வந்து மரின்காரர்களை வாயைப் பிளக்க வைத்தார்கள். பிறகு அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. கதை எழுத யார் மிச்சம் இருந்தார்களோ அவர்களே ஆதி கர்த்தாக்கள். கெல்லி 1980-இல் ‘ஃபேட் டயர் ஃப்ளையர்’ என்று பத்திரிகையே நடத்தினார். சிற்றிதழ் நடத்தியவன் வரலாற்றில் நிற்பான் என்பது நமக்குப் புதுசா என்ன?

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறு. அவர்கள் எக்ஸெல்சியரைத் தேர்ந்தது எஃகு என்பதற்காக இல்லை. அன்று ஏறத்தாழ எல்லா சைக்கிளும் எஃகுதான். இன்று நாம் ‘எஃகு வேணும்’ என்று கேட்பதுபோல் கேட்கவே அவர்களுக்கு வழியில்லை. எக்ஸெல்சியரின் தலைக்குழாய், அதாவது ஹேண்டில் தண்டு நுழையும் குழாய், நன்றாகச் சாய்ந்திருக்கும். முன்சக்கரம் உடலை விட்டுத் தள்ளி நிற்கும். இரு சக்கரங்களுக்கும் இடையே தூரம் அதிகம். செங்குத்தான இறக்கத்தில் ஆளைத் தலைகுப்புறத் தள்ளாத வடிவம் அது. பேப்பர் பையனின் சொகுசுக்காக வரைந்த கோணம் மலைக்குப் பொருந்திப்போனது. தேர்வு உலோகத்தில் இல்லை, கோணத்தில் இருந்தது. இதை அப்போதே குறித்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் உலோகமும் சீக்கிரமே கதைக்குள் வந்தது, உடைந்ததால். முப்பதுகளின் ஃபிரேம்கள் இந்த அடியைத் தாங்கவில்லை. வளைந்தன, முறிந்தன. பழைய எக்ஸெல்சியர்கள் கிடைப்பதும் குறைந்துகொண்டே வந்தது. 1977-இல் கெல்லி தன் நண்பர் ஜோ பிரீஸிடம் இதற்கென்றே ஒரு ஃபிரேம் செய்து தரக் கேட்டார். பிரீஸ் சாலைப் பந்தய ஃபிரேம் கட்டத் தெரிந்தவர். ரீபேக்கில் நடந்த 24 பந்தயங்களில் 10 அவர் ஜெயித்தவை. எக்ஸெல்சியரின் வடிவத்தை அடியொற்றி, குழாய்களை மட்டும் குரோம்-மாலிப்டினம் எஃகுக்கு மாற்றினார். தலைக்குழாயிலிருந்து பின்சக்கர அச்சு வரைக்கும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய குழாய்களையும் கூடுதலாக இழுத்துக் கட்டினார். இனி உடையக் கூடாது என்ற பயத்தில் கட்டிய குழாய்கள் அவை. பிரீஸர் என்ற பெயரில் 1978 நடுப்பகுதிக்குள் பத்து ஃபிரேம்கள் ஆயின. முதல் ஃபிரேம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் குழாய் எங்கிருந்து வந்தது என்று பார்க்க அட்லாண்டிக்கைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ரெனால்ட்ஸ் குடும்பத்தார் ஆணி செய்துகொண்டிருந்தவர்கள். 1897-இல் ஆல்பிரட் ரெனால்ட்ஸ் ஒரு சிக்கலுக்கு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். சைக்கிள் குழாய்க்கு அதிக பளு வருவது இரண்டு முனைகளில், அதாவது மற்ற குழாய்களோடு ஒட்டும் இடத்தில். ஒட்டும்போது தீயில் வலுக் குறைவதும் அங்கேதான். நடுப்பகுதிக்கு அவ்வளவு வேலையில்லை. ஆனால் முனைக்காக முழுக் குழாயும் தடிமனாக இருந்தால் வண்டி கனக்கும். ரெனால்ட்ஸ் செய்தது, வெளியே பார்க்க ஒரே அளவாகவும் உள்ளே முனைகளில் மட்டும் சுவர் தடித்தும் இருக்கும் குழாய். பட்டட் குழாய் என்று இன்றும் சொல்வது இதைத்தான். இன்றைய எஃகு ஃபிரேம் ஒன்றின் விவரத்தாளில் 0.9/0.6/0.9 என்று போட்டிருந்தால், முனையில் 0.9 மில்லிமீட்டர் சுவர், நடுவில் 0.6 என்று பொருள். மூன்று பழைய ஐம்பது சென் காசு அடுக்கினால் வரும் உயரத்தில் கால்வாசி கூட இல்லாத தகடு நம்மை மலையிலிருந்து இறக்குகிறது.

1935-இல் இவர்கள் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த 531 என்ற குழாயைக் கொண்டுவந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு நல்ல சைக்கிள் என்றால் அந்தப் பச்சையும் பொன்னுமான ஸ்டிக்கர்தான். போர்க்காலத்தில் ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கும் இதே நிறுவனம் குழாய் செய்தது. பிரீஸ் பயன்படுத்திய குரோம்-மாலிப்டினம் எஃகும் விமானக்கூடு கட்டப் புழங்கியதுதான். 4130 என்ற எண்ணால் அதைக் குறிப்பார்கள். இரும்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குரோமியம், அதில் ஐந்தில் ஒரு பங்கு மாலிப்டினம், கொஞ்சம் கரி. இவ்வளவுதான் மந்திரம்.

இங்கே ஒரு கிளைக்கதை. ரெனால்ட்ஸ் நிறுவனம் பல பத்தாண்டுகள் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பர்மிங்ஹாம் குழுமத்துக்குச் சொந்தமாக இருந்தது. அதே குழுமம்தான் 1949-இல் முருகப்பா குடும்பத்தாரோடு கூட்டுச் சேர்ந்து, பிறகு சென்னை அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் செய்தது. தமிழ்நாட்டில் தபால்காரரும் பால்காரரும் மிதித்த வண்டியும் ஐரோப்பியப் பந்தய வீரன் மிதித்த 531-உம் ஒரே முதலாளி வீட்டுப் பிள்ளைகள். ஒருவனுக்குச் சாதாரண எஃகு, இன்னொருவனுக்குப் பட்டட் குழாய். என் தாத்தா தோட்டத்தில் ரப்பர் பால் வாளிகளைக் கட்டி ஓட்டிய ராலே வண்டியைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். சின்னப் பையனாக என்னால் அதை நிமிர்த்தக்கூட முடியவில்லை. அது உடையவே இல்லை என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கனத்தில் செய்தால் எதுவும் உடையாது.

திரும்ப கலிபோர்னியாவுக்கு. 1979-இல் ஃபிஷர் டாம் ரிச்சி என்ற இளைஞரிடம் ஃபிரேம் கட்டித் தரக் கேட்டார். ஃபிஷரும் கெல்லியும் அவற்றை விற்க ‘மவுண்டன்பைக்ஸ்’ என்று கடை போட்டார்கள். உலகமே இன்று அழைக்கும் பெயர் அங்கிருந்து பரவியதுதான். ரிச்சியின் கைவண்ணம் இணைப்பில் இருந்தது. அதுவரை குழாய்களை லக் என்ற வார்ப்பு உறைகளில் செருகி ஒட்டுவார்கள். அந்த உறைகள் சாலை சைக்கிளின் கோணத்துக்கும் குழாய் அளவுக்கும் வார்த்தவை. மலைக்கு வேண்டிய கோணத்துக்கும் தடித்த குழாய்க்கும் அவை பொருந்தவில்லை. ரிச்சி உறையே இல்லாமல் பித்தளையை உருக்கி மூட்டில் ஊற்றி, அரம் போட்டு வழவழப்பாக்கினார். அழகான வேலை, நேரமும் கையும் விழுங்கும் வேலை. ஒரு வண்டி ஆயிரம் டாலரைத் தாண்டியது.

ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் மைக் சின்யார்ட் ரிச்சியின் வண்டிகள் சிலவற்றை வாங்கினார். 1981-இல் ஸ்டம்ப்ஜம்பர் வந்தது. ஜப்பானில், ஒசாகாப் பக்கமிருந்த டோயோ பட்டறையில் கட்டிய குரோம்-மாலிப்டினம் ஃபிரேம், விலை 750 டாலர். பொதுமக்கள் கடையில் போய் வாங்க முடிந்த முதல் மவுண்டன் பைக் என்று பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். பிரீஸின் பெயர் தெரியும், ரிச்சியின் பெயர் தெரியும். ஒசாகாவில் அந்த மூட்டுகளுக்குத் தீ பிடித்தவர்களின் பெயர் இந்தக் கதைகளில் எங்குமே இல்லை. பிறகு வேலை தைவானுக்குப் போனது, அங்கேயும் அதே கதைதான். ஃபிரேமில் குழாய் செய்தவனின் ஸ்டிக்கர் இருக்கும், வடிவமைத்தவனின் கையெழுத்து இருக்கும். ஒட்டியவனின் பெயர் இருக்காது. கிள்ளான் அண்ணன் கட்டும் லாரிக் கூண்டில் கம்பெனிப் பெயரைத்தானே பெயிண்ட் அடிக்கிறார்கள்.

ஷ்வினின் கதி இதைவிடப் பரிதாபம். தன் பழைய குப்பையிலிருந்து முளைத்த ஒரு புது உலகத்தை அந்த நிறுவனம் விளையாட்டுத்தனம் என்று நினைத்துத் தாமதித்தது. 1980-இல் சிகாகோத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். தயாரிப்பை தைவானின் ஜயண்ட் நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டார்கள். 1972-இல் தொடங்கிய ஜயண்ட் அந்த வேலையில் தேறி, பிறகு தன் பெயரிலேயே உலகெங்கும் விற்றது. 1992-இல் ஷ்வின் திவால்.

அதற்குள் எஃகின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. இதை எஃகுப் பக்தர்கள் ஒரு துரோகக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கைப் பாருங்கள். அலுமினியத்தின் எடை எஃகில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அப்படியே மாற்றிப் போட்டால் லாபமில்லை. ஆனால் மெல்லிய குழாயின் வளையாத்தன்மை அதன் விட்டத்தின் முப்படியாக ஏறும். விட்டத்தை இரட்டிப்பாக்கிச் சுவரைப் பாதியாக்கினால் எடை மாறாது, விறைப்பு நாலு மடங்கு. எஃகில் இதைச் செய்யப்போனால் சுவர் மெலிந்து மெலிந்து, கைபட்டாலே பால் டின் மாதிரி நசுங்கும். அலுமினியம் லேசு என்பதால் பெரிய குழாய்க்கும் போதிய தடிமன் மிச்சமிருக்கும். எழுபதுகளில் எம்.ஐ.டி. மாணவர் கேரி க்ளைன் கண்ட வழி இது. 1984-இல் கேனண்டேல் கொழுத்த அலுமினியக் குழாயோடு மவுண்டன் பைக் விற்றது. 1990 வாக்கில் ராக்‌ஷாக்ஸ் முன்பக்க அதிர்வு தாங்கியைக் கொண்டுவந்தது. முன்கை வலியைத் தாங்கியே வாங்கிக்கொள்ளும்போது ஃபிரேம் விறைப்பாக இருந்தால் என்ன? 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் சேர்ந்தபோது கடை வரிசைகளில் எஃகு ஓரத்துக்குப் போயிருந்தது.

எஃகு ஆயுளுக்கும் உடையாது என்பது? 1997-இல் ஜெர்மனியின் ‘டூர்’ இதழ் உயர்ரகச் சாலை ஃபிரேம்கள் பன்னிரண்டை இயந்திரத்தில் கட்டி, பெடல் மிதிப்பதுபோல் லட்சக்கணக்கான முறை அழுத்திச் சோதித்தது. எஃகு ஃபிரேம்கள் உடைந்தன. கடைசி வரை நின்றவை அலுமினியமும் கார்பனும். பாடப்புத்தகத்தில் எஃகுக்கு ஒரு களைப்பு எல்லை உண்டு என்றும், அந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை அழுத்தினாலும் உடையாது என்றும், அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை என்றும் இருக்கும். இரண்டும் உண்மை. லேசாக்கும் ஆசையில் எஃகை அந்த எல்லைக்கு மேலே கொண்டுபோய் வைத்தால் அது உடையும். அலுமினியத்தைத் தாராளமாகத் தடிமன் வைத்துச் செய்தால் நிற்கும். என் ஃபிரேம் விரிந்தது அது அலுமினியம் என்பதால் மட்டும் என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். சீட்டை அளவுக்கு மேல் உயர்த்திப் பல மாதம் ஓட்டினேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பொய், ஸ்டிக்கர் மாறினால் ஓட்டம் மாறும் என்பது. எல்லா எஃகுக்கும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றே. தாத்தாவின் ராலேயும் 1990-களின் நடுவில் வந்த ரெனால்ட்ஸ் 853-உம் ஒரே அளவுக் குழாய் என்றால் ஒரே அளவுதான் வளையும். விலை உயர்ந்த கலவை தருவது வலிமை. 853-இன் விசேஷம், வெல்டிங் சூட்டுக்குப் பிறகு காற்றிலேயே குளிர்ந்து மூட்டில் இன்னும் கடினப்படுவது. வலிமை கூடினால் சுவரை மெலிதாக்கலாம், மெலிதாக்கினால் எடை குறையும், கொஞ்சம் நெகிழ்வும் கூடும். அது சுவரின் தடிமனால் வருவது, கலவையின் ஆத்மாவால் இல்லை. அந்த மெல்லிய சுவரைக் கிள்ளான் அண்ணனிடம் கொண்டுபோனால், லாரிக் கம்பிக்கு வைத்திருக்கும் தீயில் ஓட்டை விழும். ‘இரும்புன்னா பாத்துக்கலாம்’ என்ற வாக்குறுதி எல்லா இரும்புக்கும் செல்லாது. இந்த இடத்தில்தான் என் தேடல் திசை மாறியது. ஸ்டிக்கரில் மேலே போகப் போக, நான் எதற்காக எஃகு கேட்டேனோ அது கை நழுவுகிறது.

எஃகு திரும்பி வந்த கதையும் பெரிய கம்பெனிகளின் கதை இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சர்லி என்று ஒரு பெயர், சாதாரண 4130 குழாயில் முரட்டு ஃபிரேம்களைத் தைவானில் செய்து விற்றது. இங்கிலாந்தில் 2003-இல் காட்டிக் நிறுவனம் 853 குழாயில் ‘சோல்’ என்ற ஹார்ட்டெயிலைக் கொண்டுவந்தது. ஈர மண், மர வேர், குட்டையான செங்குத்து இறக்கம் என்று பிரிட்டிஷ் காடுகள் நம் பூக்கிட் கியாராவுக்குக் கொஞ்சம் சொந்தம். பந்தயத்துக்கு மெனக்கெடாமல் விளையாட ஓட்டுகிறவர்கள் அதை வாங்கினார்கள். 2005-இல் ஐரோப்பாவில் மவுண்டன் பைக்குக்கான பாதுகாப்புத் தரம் வந்தது, 2014-இல் அது ஐ.எஸ்.ஓ. 4210 ஆயிற்று. சோதனையில் தேற எஃகு ஃபிரேம்களின் குழாய்கள் தடித்தன. தொண்ணூறுகளின் மெல்லிய எஃகில் இருந்த அந்தத் துள்ளல், இன்று கடையில் இருக்கும் எஃகில் பெரும்பாலும் இல்லை. விளம்பர வாசகம் மட்டும் பழைய ஃபிரேமிலிருந்து புதியதற்கு மாறி ஒட்டிக்கொண்டது. நம் முதுகுக்குத் தெரியும் மென்மையில் பெரும்பங்கு டயரில் இருக்கும் காற்றும் சீட்டுக் கம்பியும் தருவது.

சரி, அப்போது எதைப் பார்த்து வாங்குவது? கோணத்தை. எண்பதுகளில் ஏற்றமும் வேகமும் முக்கியமான பந்தயங்கள் வளர்ந்தபோது, எக்ஸெல்சியரின் சாய்வை விட்டுவிட்டுத் தலைக்குழாயை 71 பாகைக்கு நிமிர்த்தினார்கள். நீண்ட கைப்பிடித் தண்டு, குனிந்த முதுகு. ஏற்றத்துக்கு நல்லது, இறக்கத்தில் பயம். அந்த 71 பாகை இருபது வருடம் மரபுபோல் உட்கார்ந்துகொண்டது. பிறகு ஒவ்வொரு பாகையாகக் குறைந்து இப்போது 66, 65, 64 வரைக்கும் வந்திருக்கிறது. தண்டு குட்டையாகிவிட்டது, ஃபிரேமின் முன்பகுதி நீண்டுவிட்டது. ரீபேக் பையன்கள் குப்பையில் கண்டெடுத்த சாய்வை, அறிவியல் என்ற பெயரில் நமக்குத் திரும்ப விற்கிறார்கள். சக்கரமும் அப்படித்தான். 26 அங்குலம் ஷ்வினின் பேப்பர் பையன் அளவு. 29 என்று புதுசாகச் சொன்னது பழைய சாலைச் சக்கரத்தின் அதே 622 மில்லிமீட்டர் வளையம். நடுவில் வந்த 27.5, பிரெஞ்சுக்காரர்கள் சுற்றுலா சைக்கிளில் ஓட்டிய 650பி.

எனக்கு ஒரு கடையில் தொண்ணூறுகளின் ஜப்பானியக் குழாய் ஃபிரேம் ஒன்று மலிவாகக் கிடைக்க இருந்தது. பூ வேலைபோல மெல்லிய மூட்டு, நிறமும் அழகு. தவுக்கே வேறு, “இந்த மாதிரி இப்ப யார் செய்றா?” என்று ஏற்றிவிட்டார். கிட்டத்தட்ட வாங்கியே விட்டேன். ஆனால் அது குட்டை அதிர்வு தாங்கிக்குச் செய்தது. இன்றைய 120 மில்லிமீட்டர் தாங்கியை மாட்டினால் முன்பக்கம் தூக்கி, வடிவம் கெட்டு, தலைக்குழாய்க்கு அது எதிர்பார்க்காத பளு விழும். சுவரில் மாட்டி வைக்கலாம். அதற்கு எனக்குச் சுவர் இல்லை, வாடகை வீடு.

கடைசியில் வாங்கியது புகழில்லாத ஒரு தைவான் ஃபிரேம். ஸ்டிக்கரில் வெறும் 4130. இரண்டே முக்கால் கிலோ இருக்கிறது. பழைய அலுமினியத்தைவிட ஒரு கிலோ கூடுதல், அதை கியாரா ஏற்றத்தில் ஒவ்வொரு வாரமும் என் தொடை சொல்கிறது. தலைக்குழாய் 66 பாகை. பெடல் அச்சு மாட்டும் இடம் திருகு மரை. அந்த மரைக்கு இன்னும் பி.எஸ்.ஏ. என்றுதான் பெயர், பர்மிங்ஹாம் துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயர். அழுத்திச் செருகும் புது வகைகள் வந்து, கிரீச் கிரீச் என்று மானத்தை வாங்கி, பல கம்பெனிகள் இந்த நூற்றாண்டுப் பழைய மரைக்கே திரும்பிவிட்டன. எங்கள் தெருவில் எந்தக் கடைக்காரரும் அதைக் கழற்றுவார்.

வெல்டிங் அண்ணனிடம் காட்டினேன். தலைகீழாகத் திருப்பி மூட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

“யாரு ஒட்டினது?”

“தைவான்ல யாரோ அண்ணே.”

“கை நல்லாருக்கு,” என்றார். பிறகு சீட்டுக் குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். “உள்ள எண்ணெய் விட்டியா? நம்ம ஊரு மழைக்கு வெளிய இருந்து துரு வராது தம்பி. உள்ள இருந்துதான் தின்னும்.”

அன்றிரவு பெடல் அச்சைக் கழற்றி, வெளியே தண்ணீர் வடியும் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, எல்லாக் குழாய்களுக்குள்ளும் ஆளிவிதை எண்ணெயை ஊற்றினேன். ஃபிரேமை மெதுவாக எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்ற வேண்டும், முனை வரைக்கும் ஓட. சீட்டுக் கம்பி அலுமினியம், எஃகுக் குழாயோடு அரித்து இறுகிக்கொள்ளும் என்பதால் அதற்குத் தனியாகக் கிரீஸ். பிறகு பழைய செய்தித்தாளை விரித்து பால்கனியில் தலைகீழாக நிறுத்தி வைத்தேன். காலையில் பார்த்தபோது தாளில் ஒரு கை அகலத்துக்கு மஞ்சள் கறை. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.